பால் கணக்கு டைரி

அம்மா இறந்து மூன்றாம் மாதம் பரணை ஒழித்தபோது ஒரு பழைய டைரி கிடைத்தது. 1987ஆம் ஆண்டுக்கானது. ஏதோ ஒரு துணிக்கடை புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரி 1ஆம் தேதிப் பக்கம் அம்மாவின் சாய்ந்த கையெழுத்தால் நிறைந்திருந்தது. விடியற்காலையில் கோயிலுக்குப் போனது, வாசலில் போட்ட கோலம், பள்ளி நாளில் தமிழ் ஐயா தன் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டியது, இந்த வருடமாவது தினமும் எழுதிவிட வேண்டும் என்ற உறுதி. மறுநாளும் முழுப் பக்கம். 5ஆம் தேதி முக்கால் பக்கம். 8ஆம் தேதி நான்கு வரி. 11ஆம் தேதி எழுதத் தொடங்கிய வாக்கியம் வினைச்சொல் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அப்புறம் வெறும் தாள்கள்.

மூடி வைக்கப் போகும்போதுதான் பின்பக்கத்திலிருந்தும் ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. டைரியைத் திருப்பினேன். 'பால்' என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டிருந்தது. பிப்ரவரி 1, காலை ஒன்று, மாலை அரை. பிப்ரவரி 2, காலை ஒன்று, மாலை அரை. ஊருக்குப் போன நாட்களுக்கும் 'இல்லை' என்று குறிப்பு. ஓரத்தில் அங்கங்கே பொடி எழுத்துகள். டிசம்பர் 31 வரை மொத்தம் 334 நாள், ஒன்றுகூட விடுபடவில்லை.

ஒரே நோட்டு, ஒரே கை, ஒரே வருடம். ஆசையோடு தொடங்கிய எழுத்து 11 நாளில் நின்றிருக்கிறது. யாரும் ஆசைப்பட்டு எழுதாத கணக்கு வருடக் கடைசிவரை ஓடியிருக்கிறது.

சொந்தமாக ஏதாவது எழுத நினைத்தவர்களுக்கு இந்த 11 நாள் நன்றாகத் தெரியும். நாட்குறிப்பு, ஒரு சிறுகதை, தாத்தாவைப் பற்றிய நினைவுகள் என எதுவாக இருந்தாலும் நின்றுபோனதற்கு நாம் சொல்லும் காரணங்கள் இரண்டுதான்: நேரம் கிடைக்கவில்லை, மனம் வரவில்லை. நானும் நெடுங்காலம் இவற்றையே சொல்லிவந்தேன். உளவியலாளர்கள் இந்த இரண்டையும் சோதனைச்சாலையிலும் வெளியிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் படிக்கப் படிக்க, அம்மாவின் டைரியில் முன்பக்கம் ஏன் நின்றது, பின்பக்கம் ஏன் ஓடியது என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது.

எழுத்து ஏன் கனக்கிறது

1980இல் அமெரிக்காவில் ஜான் ஹேய்ஸ், லிண்டா ஃப்ளவர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதுபவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். எழுதும்போதே மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிவுசெய்த பேச்சை அலசியபோது எழுத்து என்பது மூன்று வேலைகளின் பின்னல் என்று தெரிந்தது. என்ன சொல்வது என்று திட்டமிடுவது, அதை வாக்கியமாக்குவது, எழுதியதைப் படித்துத் திருத்துவது. இவை ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாக வருவதில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே மூன்றும் மாறி மாறிக் குறுக்கிடுகின்றன.

இந்தக் குறுக்கீட்டுக்கு மூளை கொடுக்கும் விலையை ரொனால்ட் கெல்லாக் என்ற உளவியலாளர் அளந்தார். எழுதிக்கொண்டிருப்பவரின் காதில் எதிர்பாராத நேரத்தில் ஓர் ஒலி கேட்கும். கேட்டதும் அவர் உடனே பதில் தர வேண்டும். மனம் எவ்வளவுக்கு எழுத்தில் அமிழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பதில் தாமதமாகும். இந்தத் தாமதத்தை வைத்துப் பார்த்தால், சதுரங்கத்தில் தேர்ந்தவர் அடுத்த காயை நகர்த்த யோசிக்கும்போது செலவிடும் கவனத்துக்கு எழுத்து எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நாம் அந்தந்த நேரத்துக்கு மனதில் ஏந்திக்கொள்ளும் தகவல்களுக்கு ஒரு சின்னப் பலகை உண்டு. அதைச் செயல்படு நினைவு என்கிறார்கள். தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பலகையில்தான். எழுதும்போது சொல்ல வந்த கருத்து, தொடங்கிய வாக்கியம், சொல்லின் பொருத்தம், படிக்கப்போகிறவரின் முகம் என எல்லாமே அந்தச் சிறு இடத்துக்குப் போட்டியிடுகின்றன.

அம்மா ஜனவரிப் பக்கங்களை எழுதியது இரவில். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டிவிட்டு. சதுரங்க ஆட்டத்துக்கு நிகரான ஒரு வேலையை நாளின் கடைசித் துளி தெம்பில் செய்யப் பார்த்திருக்கிறாள். 11ஆம் தேதி அந்த வாக்கியம் பாதியில் நின்றதில் வியப்பில்லை. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேரம் யாரிடம் இருக்கிறது

மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடிகாரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2019இல் இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் ஒரு பெண் அதற்காக அப்போது செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஓர் ஆண் செலவிட்டது 97 நிமிடம். இடையிலுள்ள 202 நிமிடம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். 'விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள்' என்று ஆலோசனை சொல்பவர்கள், அந்த விடியற்காலையில் அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் எழுத வேண்டுமானால் இன்னொருவர் அரைமணி நேரம் அடுப்படிக்குப் போக வேண்டியிருக்கும். இதற்கு மனப்பயிற்சி எதுவும் மாற்றாகாது.

கடிகாரத்தில் நேரம் இருந்தும் மனதில் இடம் இல்லாமல் போவது இரண்டாவது சிக்கல். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் காட்டினார். முடிக்காத ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு பின்தங்குகிறது. புதிய வேலை அதனால் கெடுகிறது. அலுவலக மின்னஞ்சலுக்கும் பிள்ளையின் வீட்டுப் பாடத்துக்கும் நடுவில் கிடைக்கும் 20 நிமிடம் கடிகாரத்தில் 20 நிமிடம்தான். மனதின் கணக்கில் அதில் பாதிகூடத் தேறாது. 'நேரம் கிடைத்தது, ஆனால் எழுத வரவில்லை' என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளும் பல பொழுதுகள் இப்படிப்பட்டவை.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே பால் கணக்கு எப்படி ஓடியது? அது வெறும் எண், எளிது என்று சொல்லிவிடலாம். அது உண்மையின் ஒரு பகுதிதான். அந்தக் கணக்குக்கு வேறு சில வசதிகளும் இருந்தன.

வாசலில் மணிச் சத்தம்

காலை ஆறு மணிக்குப் பால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். அம்மா பாத்திரத்தோடு போவாள். திரும்பி வந்து பாலை அடுப்பில் வைத்ததும், பக்கத்து ஆணியில் தொங்கும் டைரியில், நூலில் கட்டியிருந்த பென்சிலால் குறிப்பாள். எழுதலாமா, எப்போது எழுதலாம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மணிச் சத்தம் அதை முடிவு செய்துவிட்டது.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த மணிச் சத்தத்தை மனதுக்குள்ளேயே கட்ட முடியுமா என்று ஆராய்ந்தவர். அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட சோதனை எழுதுவதைப் பற்றியதாகவே அமைந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையை எப்படிக் கழித்தார்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். வீடு நிறைய உறவினர், விருந்து, விளையாட்டு என்று இருக்கும் நாட்கள் அவை. ஒரு பாதி மாணவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள்? அந்தப் பாதியில் நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் எழுதி முடித்தார்கள். அந்தக் கேள்வி கேட்கப்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள்.

இரு தரப்பினரும் எழுதவே விரும்பினார்கள். விருப்பத்தின் அளவு இந்த வேறுபாட்டைக் கொண்டுவரவில்லை. ஒரு குறிப்பிட்ட சூழலை ஒரு குறிப்பிட்ட செயலோடு முடிச்சுப் போட்டதுதான் கொண்டுவந்தது. 'சாப்பிட்டுத் தட்டை எடுத்ததும் மாடி அறை மேசைக்குப் போவேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், தட்டை எடுக்கும் கணம் மணியடிக்கும் கணமாகிவிடுகிறது. 2006இல் இத்தகைய 94 சோதனைகளைக் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த எளிய முடிச்சுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இருப்பது உறுதியானது.

அம்மாவின் ஜனவரி முடிவை மீண்டும் படித்தேன். 'தினமும் எழுத வேண்டும்' என்றிருந்தது. எப்போது, எங்கே என்று இல்லை.

எது பழக்கமாகும், எது ஆகாது

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் அதை நேரடியாகச் சோதித்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சூழலில், 84 நாள் செய்துவந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சிறு செயல்கள். யோசிக்காமலே செய்கிறோமா என்று நாள்தோறும் தங்களையே மதிப்பிட்டார்கள். ஆய்வின் வளைகோடு நன்றாகப் பொருந்தியவர்களில், பழக்கம் படிவதற்கான நாட்களின் நடு அளவு 66. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் இது 18 நாள் முதல் 254 நாள் வரை விரியும் என்று அந்த வளைகோட்டை நீட்டிக் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. இன்னொன்றையும் கண்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் படிவது பெரிதாகத் தடைபடுவதில்லை. 12ஆம் தேதியன்று அம்மாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் விட்டதும் வருடமே போய்விட்டதாக நினைத்துத்தான் நம்மில் பலர் நோட்டை மூடிவிடுகிறோம்.

ஆனால் எழுத்து தண்ணீர் குடிப்பதுபோல யோசிக்காமல் நடக்கும் செயலாக ஆகுமா? ஆகாது. கெல்லாக் அளந்தது அதைத்தான். முப்பது ஆண்டு எழுதியவருக்கும் அடுத்த வாக்கியம் புதிதாகவே பிறக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் பழக்கம் எழுத்தாளருக்கு எந்த வகையில் உதவும்?

விடை எலிகளிடமிருந்தும் வந்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியலின் ஆய்வுக் குழு, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியின் நரம்பணுக்களைக் கவனித்தது. ஓட்டப்பாதை ஒன்றில் ஒலி கேட்டதும் சரியான பக்கம் திரும்பினால் எலிக்குத் தின்பண்டம் கிடைக்கும். புதிதில் ஓட்டம் முழுக்க அந்த அணுக்கள் துடித்தன. வாரக்கணக்கில் பழகிய பின் நடுவில் அடங்கி, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன. பழகிய செயலுக்கு மூளை இரு முனைகளில் அடைப்புக்குறி போட்டுவைப்பதுபோல இருந்தது அது.

மனிதப் பழக்கங்களை ஆராயும் பெஞ்சமின் கார்ட்னர் போன்றோர் இதையொட்டிய ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறார்கள். ஒரு செயலில் இறங்குவது பழக்கமாகலாம்; அதைச் செய்துமுடிக்கும் விதம் பழக்கமாக வேண்டியதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கிளம்புவது தானாக நடந்துவிட்டால் போதும், உள்ளே போய் எந்தப் பயிற்சி என்பதை அன்றன்று முடிவு செய்துகொள்ளலாம். எழுத்துக்கு இது அப்படியே பொருந்தும். உட்காருவது, நோட்டைத் திறப்பது, பேனா மூடியைக் கழற்றுவது வரை பழக்கத்திடம் விட்டுவிடலாம். அதற்கு மேல் நடப்பது முழு விழிப்போடு செய்யும் வேலை. பழக்கத்திடம் எழுத்தையே கேட்டு ஏமாறுகிறவர்கள் வாசலைத் திறந்துவிடுவதை மட்டும் கேட்டால் ஏமாற மாட்டார்கள்.

உத்வேகம் எப்போது வருகிறது

'வாசலைத் திறந்து உட்கார்ந்தாலும் மனதில் ஒன்றும் வராவிட்டால்?' என்பது நியாயமான கேள்வி. உத்வேகம் வரும்போது எழுதுவதுதான் எழுத்து, கட்டாயத்தில் எழுதுவது கணக்குப்பிள்ளை வேலை என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது.

ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுத முடியாமல் தவிக்கும் பேராசிரியர்களோடு நீண்ட காலம் பணியாற்றியவர். 1983இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 27 பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்தார். முதல் குழு அவசரம் தவிர எதையும் எழுதக் கூடாது. இரண்டாம் குழு மனம் வரும்போது மட்டும் எழுதலாம். மூன்றாம் குழு குறித்த வேளையில் எழுதியே ஆக வேண்டும். தவறினால் இழப்பு உண்டு. நாளொன்றுக்கு எழுதிய பக்கங்கள் முறையே 0.2, 0.9, 3.2. கட்டாயம் பக்கங்களைக் கூட்டும் என்பது யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் புதிய யோசனைகள் தோன்றியதையும் அவர் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார். எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒரு யோசனை. மனம் வரக் காத்திருந்தவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயத்தில் எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. ஒன்பது பேர் கொண்ட குழுக்கள் சிறியவை. இதை ஒரு விதி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உத்வேகத்துக்காகக் காத்திருப்பவரிடம் உத்வேகம் குறைவாகவே வந்தது என்பது யோசிக்க வைக்கிறது.

இதற்கு எதிராக எல்லோரும் காட்டுவது கணிதமேதை ஆன்ரி புவங்கரேயின் பேருந்து. 1880 வாக்கில், பிரான்சின் கூத்தான்ஸ் ஊரில் குதிரைகள் இழுக்கும் பயணிகள் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், தன் ஆராய்ச்சி தொடர்பான ஓர் உண்மை அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. வண்டியில் ஏறும்போது அவர் கணிதத்தை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதற்கு முந்திய பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதே ஆராய்ச்சியின் தொடக்கத்தில் 15 நாள், நாள்தோறும் மேசை முன் ஓரிரு மணி நேரம் உட்கார்ந்து, ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போனதை புவங்கரேயே பதிவுசெய்திருக்கிறார். 1926இல் கிரஹாம் வாலஸ் படைப்பாற்றலை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது முதலில் வைத்தது ஆயத்தம். மனதுக்குள் ஊறுவதும் பளிச்சிடுவதும் அதற்குப் பிறகு. நான்காவது, கிடைத்ததைச் சோதித்து உறுதிசெய்வது. அதற்கும் மேசைக்குத்தான் திரும்ப வேண்டும்.

2019இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஷெல்லி கேபிள் குழுவினர், ஒன்றில் 98 பேர், மற்றதில் 87 பேர் எனத் தொழில்முறை எழுத்தாளர்களிடமும் இயற்பியலாளர்களிடமும், அன்றாடம் அவர்களுக்குத் தோன்றிய மிக முக்கியமான யோசனை எது, அது தோன்றும்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வேலைக்குத் தொடர்பில்லாமல் மனம் எங்கோ அலைந்தபோது வந்தது. முட்டிக்கொண்டு நின்ற இடத்தைத் தாண்ட உதவியவை இவற்றில் அதிகம். ஆகவே அலையும் மனதை அலட்சியம் செய்ய முடியாது. எஞ்சிய பெரும்பங்கு, வேலையில் இருந்தபோதோ அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதோ வந்தது.

மூளைக்குள் இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நாம் எதிலும் ஈடுபடாமல் இருக்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை என்பதை மார்கஸ் ரெய்க்கிளும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் விளக்கினார்கள். நினைவுகளையும் கற்பனைகளையும் கோத்துப் பார்க்கும் ஒரு வலைப்பின்னல் அப்போது சுறுசுறுப்பாக இயங்குகிறது. படைப்பு வேலையின்போது இந்த வலைப்பின்னலும், கவனத்தை ஆளும் பகுதிகளும் கைகோத்து இயங்குவதைப் பிற்கால மூளைப் படங்கள் காட்டுகின்றன. ஊறப்போட்டது இருந்தால்தான் அலையும் மனம் அதை ஆட்டித் தரும்.

அலைய விடுவதற்கு எளிய வழி நடை. ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட நான்கு சோதனைகளில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதுப் பயன்களையும் உவமைகளையும் யோசிக்கும் திறன் சராசரியாக 60 விழுக்காடு கூடியது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தபோதும் பலன் இருந்தது. ஒரே சரியான விடையைத் தேடும் கணக்குகளுக்கு நடை உதவவில்லை. எழுதுபவர்களுக்கு இதிலிருந்து ஒரு வேலைப் பங்கீடு கிடைக்கிறது: எதை எழுதுவது என்பதற்கு மொட்டைமாடியில் நாலு சுற்று, எப்படி எழுதுவது என்பதற்கு நாற்காலி.

பாதியில் நிறுத்தும் கலை

உட்கார்ந்து எழுந்துவிட்டோம். நாளைக்கு மீண்டும் உட்கார மனம் எப்படி வரும்? 1928இல் பெர்லினில் மரியா ஓவ்சியான்கினா, கொடுத்த சிறு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களை நடுவில் நிறுத்தி வேறு வேலை கொடுத்தார். பின்பு அவர்களைச் சும்மா விட்டபோது, யாரும் சொல்லாமலே பெரும்பாலானோர் விட்ட வேலைக்குத் திரும்பினார்கள். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த புளூமா ஸைகார்னிக், முடிக்காத வேலைகள் நினைவில் அதிகம் தங்கும் என்று 1927இல் சொன்னது அதைவிடப் புகழ்பெற்றது. நினைவு பற்றிய அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் நிலையாக நிற்கவில்லை. விட்டதைத் தொடரும் உந்துதல் நின்றது.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே இதைப் பட்டறிவால் தெரிந்துவைத்திருந்தார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். ஊற்று வற்றும்வரை இறைத்துவிட்டு மறுநாள் வறண்ட கிணற்றை எட்டிப்பார்ப்பவர்களுக்கு இது உதவும். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் வேறொரு வழி வைத்திருந்தார். அவர் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் முழுநேர அலுவலர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காப்பி கொடுக்கும் முதிய பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முதல் அரை மணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணிக்கு 250 சொல். இப்படி 47 நாவல்கள். அந்த அரை மணி நேர வாசிப்பு, பிற வேலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கவனத்தைப் பிரித்தெடுத்துக் கதைக்குள் கொண்டுவரும் பாலம் என்று லெராயின் ஆய்வைப் படித்த பின் எனக்குப் படுகிறது.

துபாஷின் நோட்டும் தமிழ்த் தாத்தாவின் வாரமும்

தமிழில் இதற்கு மிகப் பெரிய சான்று புதுச்சேரியில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 25 ஆண்டு நாட்குறிப்பு எழுதினார். அவர் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளும். சொந்த வணிகம், அரசாங்க வேலை, போர், வழக்கு, பெரிய குடும்பம் என்று ஓய்வே இல்லாத வாழ்க்கை. அந்த எழுத்தைப் பார்த்தால் உத்வேகத்துக்குக் காத்திருந்தவர் மாதிரித் தெரியவில்லை. நாள், கிழமை, நேரம் போட்டுத் தொடங்குகிறார். துறைக்கு வந்த கப்பல், போன கப்பல், சரக்கு, கேட்ட பேச்சு, பார்த்த காட்சி. வணிகரின் கணக்கேட்டு ஒழுங்கு அது. அந்த ஒழுங்குக்குள் மனிதர்களின் பொறாமையும் பயமும் கோபமும் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. நமக்குக் கிடைக்கும் குறிப்பில் இடைவெளிகளும் உண்டு. ஆனாலும் அந்த எழுத்து கால் நூற்றாண்டு நீண்டது.

இரண்டாவது சான்று 'தமிழ்த் தாத்தா' உ.வே. சாமிநாதையர். ஏடு தேடி அலைந்து, பதிப்பித்து, ஓயாமல் உழைத்தவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியது எண்பத்தைந்தை நெருங்கும்போது. 1940இல் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942இல் அவர் மறையும்வரை தொடர்ந்து, 122 அத்தியாயங்களோடு முற்றுப்பெறாமல் நின்றது. வாரம்தோறும் ஒரு பத்திரிகையும் அதன் வாசகர்களும் காத்திருந்தார்கள். பால் கணக்கிலும் இப்படி ஒருவர் இருந்தார். மாதக் கடைசியில் பால்காரர் வந்து நிற்பார், டைரியைப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஜனவரிப் பக்கங்களுக்காகக் காத்திருக்க அம்மாவுக்கு யாரும் இருக்கவில்லை. நான் அப்போது அதே வீட்டில்தான் இருந்தேன், கேட்டதில்லை.

எழுதுவதால் என்ன கிடைக்கும்

யாரும் அச்சிடப்போவதில்லை என்றால் எதற்கு இவ்வளவு பாடு? 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பியலும், வாழ்க்கையில் மனதைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் மாணவர்களை எழுத வைத்தார்கள். உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்தன. 2006இல் அவற்றில் 146ஐத் தொகுத்தபோது பலன் உண்மைதான், ஆனால் சிறியது என்று தெரிந்தது. எழுத்து மருந்தாகிவிடாது. எழுதும்போது சற்று இலேசாகிறது என்று பலரும் உணர்வதற்கு ஆதாரம் இருக்கிறது, அவ்வளவே. எனக்கு அது போதும்.

இந்த அத்தியாயத்துக்காக டைரியை மறுபடி எடுத்து, முதலில் நான் படிக்காமல் விட்ட ஓரத்துப் பொடி எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மார்ச்சில் ஒரு நாள்: காலை இரண்டு, அத்தையும் பிள்ளைகளும் வந்தார்கள். ஜூன் மாதத்தில் எட்டு நாள்: இல்லை, ஊர், மாமரம் காய்க்கவில்லை. ஆகஸ்ட்: மாலை கால் கூடுதல், சின்னவனுக்கு ஜுரம், இரவெல்லாம் தூங்கவில்லை. பிப்ரவரியில் ஓரங்கள் வெறுமையாக இருந்தன. வருடம் போகப் போகச் சொற்கள் வந்து, பிறகு வாக்கியங்களாகின. எண்ணைக் குறித்துவிட்டுப் பால் பொங்கும்வரை அடுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் எழுதியவை.

கடைசியாகப் படித்தது டிசம்பர் 24. காலை ஒன்று, எட்டு மணிக்குத்தான் வந்தது. எம்.ஜி.ஆர். போய்விட்டார். பால்காரர் அளந்து ஊற்றும்போது அழுதார், நானும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாலை இல்லை.

அந்த வரியை எழுத அம்மா நேரம் தேடவில்லை. பென்சில் ஏற்கெனவே கையில் இருந்தது.